பாலம் கடந்த ஞாபகம் இல்லை: நிலாவெளி வீதியில் நடந்த ஒரு விபத்தின் ஆய்வு

"சேர், நீங்க சொல்லித் தந்த மாதிரித்தான். போனை நான் கையில வச்சிருக்கேல்ல."

காறை எலும்பு முறிந்து, வலது காதுக்குப் பின்னால் ஏழு தையலோடு கட்டிலில் கிடந்தவன் என்னைக் கண்டதும் சொன்ன முதல் வசனம் இது. அவன் சொன்னதில் பொய் இல்லை. போன் கையில் இருக்கவில்லை, ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவில் செருகியிருந்தது.

திருகோணமலையில் மோட்டார் சைக்கிளும் காரும் பழக்குவது என் தொழில். பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். அவன் என்னிடம் பழகி லைசன்ஸ் எடுத்து நாலு வருடம். அந்த மாலையில் அவன் மோதியது சைக்கிளில் மீன் விற்கும் ஒரு முதியவரை. இருவரும் உயிரோடு இருக்கிறார்கள், இரு வீட்டாரும் சம்மதம் தந்த பிறகே இதை எழுதுகிறேன். யார் பெயரையும் எந்தக் கடையின் பெயரையும் எழுதவில்லை. ஒரு பையனின் தவறை ஊருக்குச் சொல்வது என் நோக்கமல்ல. நான் படிப்பித்ததை அவன் அப்படியே கடைப்பிடித்தும் ஒரு மனிதரின் கால் முறிந்திருக்கிறது. அது எப்படி நடந்தது என்று விநாடி விநாடியாகப் பார்க்க வேண்டியிருந்தது.

அன்று மாலை

கச்சான் காற்று வீசுகிற காலம். அவன் நகரத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. ஆறு மணிக்குப் பிறகு புறப்பட்டு உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு வழியாக நிலாவெளிக்கு வீடு போவது வழக்கம். அலஸ்தோட்டம் தாண்டி, சாம்பல்தீவுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. நேரம் 6.41. பொழுது பட்டு, ஆனால் முழுதாக இருட்டாத நேரம். வாகன விளக்கு போட்டாலும் தெருவில் ஒளி விழாத, போடாவிட்டாலும் ஒன்றும் தெளிவாகத் தெரியாத அந்தக் கால் மணித்தியாலத்தை நான் பழகுநர்களுக்குத் தனியாக எச்சரிப்பதுண்டு.

சட்டைப் பையிலிருந்து இடது கையால் போனை எடுத்தான். பெருவிரலால் அழைப்பைத் திறந்தான். கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோய் ஹெல்மெட்டின் வலது பக்கத்துக்குள் செருகினான். எப்போதும் வலது காதில் பேசிப் பழக்கமாம். இது எல்லாம் ஓடிக்கொண்டே. பிறகு இரண்டு கையும் ஹாண்டிலில். அவன் கணக்கில் அதோடு சட்டத்துக்குள் வந்துவிட்டான்.

பேசியது கடை முதலாளி. சீமெந்து ஏற்ற ஒருவர் லாண்ட்மாஸ்டரோடு (இரு சக்கர உழவு இயந்திரம்) வந்து காத்து நிற்கிறார், ஸ்டோர்ச் சாவியைக் காணவில்லை. "எங்க வச்சனி?" கேள்வி அவ்வளவுதான்.

அதன் பிறகு நடந்ததை அவன் சொன்னபடியே தருகிறேன். "கண் ரோட்டிலதான் சேர். ஆனா எனக்குத் தெரிஞ்சது கடை மேசை லாச்சி. மேல் லாச்சிக்குள்ள பில் புத்தகம், அதுக்குக் கீழ டேப், அதுக்குப் பக்கத்தில வச்சனா எண்டு ஒவ்வொண்டா பாத்துக்கொண்டு வந்தன். மேல் லாச்சியில இல்லை எண்டு அவர் சொல்ல, கீழ் லாச்சியைத் திறந்தன்."

திறந்தன் என்றுதான் சொன்னான். மனத்துக்குள் திறந்ததை. அவனுடைய மோட்டார் சைக்கிள் அப்போது ஏறக்குறைய மணிக்கு 45 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்தது.

காற்று இரைச்சலில் முதலாளியின் குரல் சரியாகக் கேட்கவில்லை. வியர்வையில் போனும் மெல்ல வழுக்கியது. இடது கையை மறுபடி ஹாண்டிலிலிருந்து எடுத்துப் போனைக் காதோடு அழுத்தினான். அந்த நிலையில்தான், வீதியின் இடது ஓரத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்த சைக்கிளின் பின்பக்கத்து வெள்ளை ரெஜிபோம் மீன் பெட்டியில் மோதினான்.

அளந்து பார்த்தது

விபத்து நடந்து எட்டாம் நாள், அதே நேரத்துக்கு, என்னிடம் வேலை செய்யும் பையனைச் சைக்கிளோடு அந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பின்னால் நடந்து போனேன். ஓரத்தில் நிற்பது சைக்கிளும் ஆளும் என்று அறுபது எழுபது மீட்டரிலேயே எனக்குத் தெரிந்தது. மீன்காரர் ஐயாவின் சைக்கிளில் விளக்கும் இல்லை, ரிஃப்ளெக்டரும் இல்லை. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவை இருந்திருந்தால் இன்னும் தூரத்தில் தெரிந்திருக்கும். நான் வைத்துப் பார்த்த சைக்கிளிலும் அவை இல்லை. வெள்ளைப் பெட்டி மட்டும் வைத்தேன்.

45 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 12.5 மீட்டர். முன்னால் போகும் சைக்கிளும் மணிக்கு 12 கிலோமீட்டரில் நகர்கிறது என்று வைத்தால், இருவருக்கும் இடையே இருக்கும் தூரம் விநாடிக்கு ஒன்பது மீட்டருக்குக் கொஞ்சம் மேலாகக் குறைகிறது. 70 மீட்டர் கரைய ஏழரை விநாடி. ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி போனாலும், அந்த வேகத்தில் நல்ல தார் வீதியில் 35 மீட்டருக்குள் நிற்கலாம். நிற்கக்கூடத் தேவையில்லை. வலது பக்கம் வெறுமையாக இருந்தது, ஒரு முழம் விலகியிருந்தால் போதும். தார் வீதியில் பிரேக் இழுபட்ட அடையாளம் இரண்டு மீட்டர்கூட இல்லை. மோதுவதற்குச் சற்று முன்புதான் அவன் சைக்கிளைக் கண்டிருக்கிறான்.

எனக்கு நித்திரையைக் கெடுத்தது இன்னொரு கணக்கு. அந்த அழைப்பு 1 நிமிடம் 52 விநாடி நீடித்ததாக இரண்டு போனிலும் பதிவாகியிருக்கிறது. மோதல் சத்தம் கேட்ட பிறகு முதலாளி மூன்று நாலு தரம் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் வைத்தாராம். அந்தக் கடைசி விநாடிகளைக் கழித்தால் சுமார் 100 விநாடி. அதில் அவன் ஓடிய தூரம் 1,250 மீட்டர். நடுவில் பாலம் இருக்கிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் வண்டி குலுங்கும், காற்றின் போக்கும் மாறும்.

"பாலம் கடந்தது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

யோசித்தான். "இல்லை சேர். அலஸ்தோட்டம் ஞாபகம் இருக்கு. பிறகு பெட்டிதான்."

கை என்ற சொல்

போக்குவரத்துப் பொலிஸார் அவனிடம் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று போன் கையில் இருந்ததா என்பது. கடைசியில் வழக்கு, கவனயீனமாகச் செலுத்தியதற்கும் விபத்தைத் தவிர்க்கத் தவறியதற்கும் பதிவானது. நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினான். சட்டத்தின் பக்கம் விஷயம் முடிந்தது. என் மனத்தில்தான் அந்த முதல் கேள்வி நின்றுவிட்டது.

ஏன் இத்தனை நாட்டுச் சட்டங்களும் கையைப் பிடித்துக்கொள்கின்றன? சாலைப் போக்குவரத்துக்கான வியன்னா உடன்படிக்கையில் 2006இல் சேர்ந்த திருத்தமும், வாகனம் ஓடும்போது கையில் பிடிக்கும் போனைச் சாரதி பாவிப்பதை உள்நாட்டுச் சட்டம் தடுக்க வேண்டும் என்றே சொல்கிறது. இந்தியா 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, கையில் பிடித்த தொடர்புச் சாதனத்தை ஆபத்தாக வாகனம் ஓட்டுவது பற்றிய 184ஆம் பிரிவுக்குள் கொண்டுவந்தது. காரணம் எனக்கு விளங்குகிறது. தெருவோரத்தில் நிற்கும் பொலிஸ்காரரின் கண்ணுக்குக் கை தெரியும். லாச்சிக்குள் சாவி தேடும் மனம் தெரியாது. நிரூபிக்கக் கூடியதைத்தானே சட்டம் எழுத முடியும்.

அப்படி எழுதியதிலும் ஓட்டை விழும். பிரித்தானியாவில் 2003 டிசம்பரில் வந்த விதி, தொடர்புக்காகப் போனைப் பாவிப்பதை மையமாக வைத்து எழுதப்பட்டது. வீதியில் நடந்த ஒரு விபத்தைக் காரோட்டியபடியே போனில் படம் பிடித்த ஒருவரின் வழக்கு 2019இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, படம் பிடிப்பது தொடர்பு அல்ல, ஆகவே இந்த விதிக்குள் வராது என்று தீர்ப்பானது. பிறகு 2022 மார்ச்சில் விதியை மாற்றி, கையில் போனைப் பிடித்து ஏறக்குறைய எதைச் செய்தாலும் குற்றம் என்று விரித்தார்கள். ஆனால் அதே 2003 விதியில் ஒரு நல்ல வரி இருந்தது. அழைப்பை எடுக்கும்போதோ பேசும்போதோ ஒரு கட்டத்திலாவது கையால் பிடித்தாலே, பிடித்தே ஆக வேண்டியிருந்தாலே, அது கையில் பிடித்த போன்தான். இந்த அளவுகோலை நம் பையனுக்கு வைத்துப் பாருங்கள். பையிலிருந்து எடுத்தது கை, திறந்தது கை, செருகியது கை, வழுக்கியபோது அழுத்தியதும் கை. "கையில வச்சிருக்கேல்ல" என்ற வார்த்தை அங்கே ஒரு நிமிடமும் நிற்காது.

அவனுக்கு அந்த வார்த்தையைக் கொடுத்தது யார் என்று தேடினால் வழி என் வகுப்பறைக்கே வருகிறது. வருடக்கணக்காக நான் போனைப் பற்றிச் சொன்னதெல்லாம் தண்டத்தைப் பற்றி. போன் கையோடு பிடிபட்டால் தண்டப் பத்திரம் தருவார்கள், லைசன்ஸை வாங்கி வைப்பார்கள், 14 நாளுக்குள் கட்டவேண்டும், தவறினால் இரட்டிப்பு, 28 நாள் கடந்தால் நீதிமன்றம். எல்லாம் சரியான தகவல்தான். பரீட்சைக்கும் உதவும். ஆனால் அதைக் கேட்ட இருபது வயதுப் பிள்ளைக்கு விளங்குவது ஒன்றே: கையில் தெரியாமல் பார்த்துக்கொண்டால் சரி. ஹெல்மெட் அதற்கு வாய்ப்பான இடம்.

ஹெல்மெட்டையும் சொல்ல வேண்டும். அது இப்போது என் மேசையில் இருக்கிறது. அவனாகத்தான் கொண்டுவந்து தந்தான். வலது கன்னத்துப் பஞ்சில் போனின் மூலை பதிந்த குழி பெருவிரல் போகும் அளவு. ஒரு நாளில் விழுந்த குழி இல்லை, மாதக்கணக்கில் அழுந்தி விழுந்தது. போனுக்கு இடம் விட, தாடைப் பட்டியை இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மேல் தளர்த்தி வைத்திருந்தான். விழுந்தபோது ஹெல்மெட் பின்னால் சரிந்து, நடுவில் இருந்த போனின் விளிம்புதான் காதுக்குப் பின்னால் வெட்டியிருக்கிறது. தலையைக் காக்க வேண்டிய இடத்திலிருந்தே வெட்டு வந்தது. வகுப்பில் இந்த ஹெல்மெட்டைக் கையில் கொடுத்து அந்தக் குழியைத் தொடச் சொல்கிறேன். படம் காட்டுவதைவிட அது பேசுகிறது.

சரி, போனைச் செருகாமல் புளூடூத் மாட்டியிருந்தால்? இதை என்னிடம் கேட்காத ஆள் இல்லை, அதுவும் கார் வைத்திருப்பவர்கள். நம் சொந்தங்கள் நிறையப் பேர் வாழும் டொரன்டோவில், விபத்துக்குள்ளான 699 சாரதிகளின் தொலைபேசிப் பட்டியலை எடுத்து இரண்டு ஆய்வாளர்கள் விபத்து நேரத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். போன் பேசும்போது விபத்து ஆபத்து ஏறக்குறைய நான்கு மடங்கு. கை தொடாமல் பேசும் போனால் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. அது 1997. அவுஸ்திரேலியாவின் பேர்த்தில் விபத்தில் காயப்பட்டு மருத்துவமனைக்கு வந்த 456 சாரதிகளை வைத்து 2005இல் வந்த ஆய்விலும் அதே நான்கு மடங்கு, கையில் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். யூட்டா பல்கலைக்கழகத்தில் கண் அசைவைக் கருவியால் அளந்தபோது, போன் பேசியவர்கள் கண் நேராகப் பதிந்த பொருட்களைக்கூடப் பிறகு அடையாளம் காணத் தடுமாறினார்கள். அவனுக்குப் பாலம் தெரியாமல் போனதற்கு இதைவிட நெருக்கமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. டொரன்டோ இருக்கும் ஒன்ராறியோவே, தன் நகரத்து ஆய்வு வந்து பன்னிரண்டு வருடம் கழித்து, 2009 ஒக்டோபரில்தான் கையில் பிடிக்கும் போனைத் தடுத்தது. கை தொடாத போனை இன்றும் அனுமதிக்கிறது.

பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதும் இதே மாதிரித்தானே என்று கேட்பார்கள். இல்லை. பக்கத்தில் இருப்பவருக்கும் வீதி தெரிகிறது. எங்கள் ஊர்க் கோட்டைக்குப் போகும் வழியில் மான் கூட்டம் குறுக்கே வந்தால் அவர் பேச்சை நிறுத்துவார், "மான், மான்" என்று கத்துவார். இரவில் வீதியில் படுத்திருக்கும் மாட்டைக் கண்டாலும் அப்படித்தான். போனின் மறுமுனையில் இருப்பவருக்கு உங்கள் முன்னால் மானும் தெரியாது, மீன் பெட்டியும் தெரியாது. அவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்.

மறுமுனை

முதலாளியைச் சந்தித்தேன். கெட்ட மனிதர் இல்லை. மருத்துவமனைச் செலவுக்குக் கேட்காமலே காசு கொடுத்தவர். "அவன் வீட்டுக்குப் போயிருப்பான் எண்டு நினைச்சன்" என்றார். கடை மூடும் நேரமும் நிலாவெளித் தூரமும் தெரிந்தவர் அப்படி நினைத்திருக்க முடியாது. இதை அவரிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எடுக்காட்டி திருப்பித் திருப்பி அடிப்பன், அது பிழைதான்" என்று ஒப்புக்கொண்டார். பையனும் அதையேதான் சொன்னான். முதல் தரம் எடுக்காவிட்டால் அடுத்த நாள் காலையில் ஏச்சு விழும்.

பிரித்தானிய விதியில் எனக்குப் பிடித்த இன்னொரு பகுதி இருக்கிறது. ஒருவர் ஓட்டும்போது கையில் போனைப் பாவிக்கச் செய்பவரும், அனுமதிப்பவரும் குற்றவாளி. அதாவது ஆள் வண்டியில் போகிறான் என்று தெரிந்தே எடுக்கச் சொல்லும் முதலாளியும் கேள்விக்குள் வருகிறார். நம் ஊரில் கடைப் பையன்கள், காஸ் சிலிண்டர் கொண்டுபோகிறவர்கள், ஓட்டோக்காரர்கள், பட்டா என்ற சின்ன லொறி ஓட்டுபவர்கள் எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டளை வாங்குகிறார்கள். தண்டம் மட்டும் அவர்கள் சம்பளத்திலிருந்து போகிறது. இந்த ஒரு வரியாவது நம் சட்டத்திலும் தெளிவாக எழுதப்பட்டு, வேலை கொடுப்பவர் ஒவ்வொருவருக்கும் தெரியும்படி சொல்லப்பட வேண்டும் என்று நான் அழுத்தமாக நினைக்கிறேன்.

அந்தக் கடையில் இப்போது ஸ்டோர்ச் சாவிக்குச் சுவரில் ஒரு ஆணி. ஆறு மணிக்குப் பிறகு அவனுக்கு யாரும் அழைப்பதில்லை, வீடு போய்ச் சேர்ந்ததும் அவன்தான் ஒரு மிஸ்ட் கோல் கொடுக்கிறான். எழுபத்தைந்து ரூபாய் ஆணிகூட இல்லை, கடையில் கிடந்த பழைய ஆணி.

என் வகுப்பிலும் ஒன்றை மாற்றினேன். பயிற்சி மைதானத்தில் கூம்புகளை வைத்து, கார் பழகுபவர் மெதுவாக அவற்றுக்கிடையே ஓட்டும்போது நான் பக்கத்து இருக்கையிலிருந்து கேட்கிறேன்: "உங்கட வீட்டுக் குசினியில உப்புப் போத்தல் எந்தப் பக்கம்? அதுக்குப் பக்கத்தில என்ன?" என் பக்கத்திலும் ஒரு பிரேக் உள்ள பயிற்சிக் கார், ஆபத்து இல்லை. பதில் சொல்லத் தொடங்கும்போதே கண் ஓரிடத்தில் குத்திட்டு நிற்பதை நான் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். கால் தன்னை அறியாமல் அக்சிலரேட்டரை விடும். அநேகமாக மூன்றாம் கூம்பு விழும். கையில் ஒன்றுமே இல்லாமல்தான் விழுந்தது என்று இறங்கிப் பார்க்கச் சொல்வேன். போன வாரம் ஒரு அக்கா கூம்பைக் கையில் தூக்கிக்கொண்டு சொன்னார்: "சேர், நான் குசினிக்குள்ளதான் நிண்டனான்."

ஐயாவின் வீட்டில்

மீன்காரர் ஐயாவுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து பிளேட் வைத்தார்கள். நாலு மாதம் தொழில் இல்லை. விடியப்புறம் கரைவலைக்காரரிடம் மீன் எடுத்து, பத்து மணிக்குள் விற்று, பின்னேரம் மிச்சத்தைக் கொண்டு வீடு வீடாகப் போவதுதான் அவர் வருமானம். அந்த வருமானக் குறையைப் பையனின் குடும்பமும் முதலாளியும் சேர்ந்து ஓரளவு அடைத்தார்கள். காப்புறுதிப் பணம் இன்னும் வரவில்லை.

கடந்த மாதம் பையன் என்னையும் கூட்டிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனான். வேப்பமரத்தடியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார், ஊன்றுகோல் பக்கத்தில். புதிய பெட்டி ஒன்றும், சைக்கிளுக்குப் பின்னால் மாட்டும் சிவப்பு விளக்கும் வாங்கிப் போயிருந்தான். விளக்கைக் கையில் எடுத்து அமத்திப் பார்த்தார். பிறகு, இத்தனை மாதத்தில் யாரும் அவருக்குச் சொல்லாத ஒன்றைக் கேட்டார்.

"அண்டைக்குப் போனில என்ன தம்பி கதைச்சனீ?"

"கடைச் சாவி எங்க எண்டு கேட்டவர் ஐயா."

அவர் தலையை ஆட்டினார். விளக்கை இன்னொரு தரம் அமத்தினார், எரிந்தது.

"சாவி கிடைச்சதோ?"

அவன் என்னைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான். "தெரியாது ஐயா. நான் கேக்கேல்ல."